ரங்கூனில் ஒரு காட்ஃபாதர்: அபினிப் பாதையிலிருந்து துறைமுகம் வரை

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் தேதி, பர்மாவின் மிகப் பெரிய நகரான யாங்கோனில் லோ சிங் ஹான் என்ற முதியவர் காலமானார். உள்ளூரில் அவர் ஒரு பெரும் தொழில் குழுமத்தின் நிறுவனராக அறியப்பட்டவர். உலகப் பத்திரிகைகள் வெளியிட்ட இரங்கல் குறிப்புகளிலோ அவர் ஹெராயின் மன்னர் என்றும், பின்னாளில் கோடீஸ்வரரான தொழிலதிபர் என்றும் ஒரே மூச்சில் வர்ணிக்கப்பட்டிருந்தார்.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2008 பிப்ரவரியில், அமெரிக்க நிதித்துறை அவர் மீதும், அவரது மகன் ஸ்டீவன் லா மீதும், அவர்களது ஏஷியா வேர்ல்ட் நிறுவனத்தின் மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. அப்போது வெளியிட்ட அறிவிப்பில் அந்தத் துறை அவருக்கு ஒரு பட்டத்தையும் சூட்டியது. 'ஹெராயினின் காட்ஃபாதர்' என்பதே அது.

அரசாங்கம் ஒன்றின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இப்படி ஒரு சொல் இடம்பெற்றதற்கு ஒரு நாவல்தான் காரணம். காட்ஃபாதர் என்ற சொல்லின் பழைய பொருள் வேறு. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் வழங்கும் 'ஞானத் தகப்பன்' என்பதே அதன் நேர்ப் பொருள். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்றுக் கொள்ளும் மரியாதைக்குரிய மனிதரை அது குறிக்கும். அந்தச் சொல்லை உலகெங்கும் குற்றக் கும்பலின் தலைவரைக் குறிக்கும் சொல்லாக மாற்றியது, 1969இல் மரியோ பூசோ எழுதிய 'தி காட்ஃபாதர்'.

அந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ரங்கூன் குடும்பத்தின் வரலாற்றைப் படித்தால், பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன. முக்கியமான ஓரிடத்தில் மட்டும் நேர் எதிராகப் போகின்றன. பர்மாவைப் புரிந்துகொள்ள உதவுவது அந்த முரண்பாடுதான்.

கடனில் பிறந்த நாவல்

பூசோ நியூயார்க்கில் ஏழை இத்தாலியக் குடியேறிகளின் மகனாக 1920இல் பிறந்தவர். அவர் முன்னர் எழுதிய இரண்டு நாவல்களை விமர்சகர்கள் பாராட்டினார்களே தவிர, அவற்றால் பணம் வரவில்லை. கடன் கழுத்தை நெரித்த நிலையில்தான் அவர் மாஃபியா குடும்பம் ஒன்றின் கதையை எழுத முன்வந்தார். எழுதுவதற்கு முன் உண்மையான கும்பல் தலைவர் எவரையும் தாம் சந்தித்ததில்லை என்றும், ஆவணங்களைப் படித்தே எழுதியதாகவும் அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

கதையின் நாயகர் விட்டோ கோர்லியோனே, சிசிலித் தீவிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். வெளியுலகிற்கு அவர் ஆலிவ் எண்ணெய் இறக்குமதியாளர். உள்ளே சூதாட்டம், தொழிற்சங்கங்களின் மீதான பிடி, நீதிபதிகளுடனும் அரசியல்வாதிகளுடனும் இரகசிய உறவு. நாவலின் முக்கியமான திருப்பம் ஹெராயினைச் சுற்றி அமைந்திருக்கிறது. போதைப்பொருள் வணிகத்தில் பங்கு சேருமாறு வரும் அழைப்பை விட்டோ மறுக்கிறார். அறநெறி மட்டும் அதற்குக் காரணமல்ல. சூதாட்டத்தைக் கண்டும் காணாமல் இருக்கும் நீதிபதிகள், போதைப்பொருள் என்றால் தம்மைக் கைவிட்டுவிடுவார்கள் என்ற கணக்கே முதன்மையானது. அந்த மறுப்பிலிருந்து குடும்பங்களுக்கு இடையே போர் மூள்கிறது. மூத்த மகன் கொல்லப்படுகிறார். தொழிலிலிருந்து விலகியே வளர்ந்த இளைய மகன் மைக்கேல் தலைமை ஏற்கிறார். சில ஆண்டுகளில் குடும்பத்தின் வருமானம் முழுவதையும் சட்டத்திற்கு உட்பட்ட தொழில்களுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அவரது கனவு.

தமிழர்களில் பெரும்பாலானோர் இந்தக் கதையை 1972இல் வெளிவந்த ஃபிரான்சிஸ் கொப்போலாவின் திரைப்படம் மூலமோ, 1987இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' மூலமோ அறிந்திருப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து பம்பாய் சென்று கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் செல்வாக்குப் பெற்ற வரதராஜ முதலியாரின் வாழ்க்கையும், காட்ஃபாதரின் சாயலும் அந்தப் படத்தில் கலந்திருந்தன. ஏழைகளுக்கு உதவும் தலைவர் என்ற பாதியைத்தான் நமது திரையுலகம் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டது. மகன் எப்படிக் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகிறான் என்ற மறுபாதி அதே அளவு கவனம் பெறவில்லை. ரங்கூன் கதை அந்த மறுபாதியைப் பற்றியது.

கடைகள் மூடின, மலைப்பாதைகள் திறந்தன

லோ சிங் ஹான் பிறந்தது, சீன எல்லையை ஒட்டிய கோகாங் என்ற மலைப்பகுதியில். ஷான் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள அப்பகுதியில் வாழ்வோர் பெரும்பாலும் சீன மொழி பேசுபவர்கள். நெல் சரிவர விளையாத அந்த மலைச்சரிவுகளில் அபினிச் செடி நன்றாக விளையும். அபினியை லாரிகளிலும் கோவேறு கழுதைகளிலும் ஏற்றித் தாய்லாந்து எல்லைக்கு அனுப்பும் வணிகத்தை 1950களில் பெரிய அளவில் நடத்தியவர் ஒரு பெண். கோகாங் ஆட்சிக் குடும்பத்தில் பிறந்து, ஆணுடையில் துப்பாக்கியோடு வலம் வந்த ஒலிவ் யாங் என்பவர் அவர். லோ சிங் ஹான் தொழில் கற்றது அவரது படையில்தான். பர்மாவின் முதல் 'காட்ஃபாதர்' ஒரு பெண் என்று சொன்னால் தவறாகாது.

ஆனால் ஒரு மலைப்பகுதி வணிகத்தை நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கும் தூணாக மாற்றியது 1962ஆம் ஆண்டு இராணுவப் புரட்சி. இந்த இடத்தில் பர்மியத் தமிழர்களின் கதையும் குறுக்கிடுகிறது.

ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், 'சோஷலிசத்திற்கான பர்மிய வழி' என்ற பெயரில் வங்கிகள், மொத்த வணிகம், சில்லறைக் கடைகள் என ஒவ்வொன்றாக நாட்டுடைமையாக்கினார். 1964இல் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ரங்கூனின் முகல் தெருவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடை வைத்திருந்த இந்தியர்கள் ஒரே நாளில் சொந்தக் கடையின் வாசலில் அந்நியர்களாக நின்றார்கள். அந்த ஆண்டுகளில் சுமார் 3 இலட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். மிகச் சிறிய தொகையையே கையில் எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்திற்கு எதிரே உருவான பர்மா பஜாரும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும், மணிப்பூர் எல்லையில் மோரே நகரில் வாழும் தமிழர்களும் அந்த வெளியேற்றத்தின் அடையாளங்கள்.

சட்டபூர்வ வணிகம் இவ்வாறு மூடப்பட்டபோது, பொருட்களின் தேவை மட்டும் மூடப்படவில்லை. துணி, மருந்து, சோப்பு, சைக்கிள் உதிரிப்பாகம் என எல்லாவற்றிற்கும் மக்கள் கள்ளச்சந்தையையே நாட வேண்டியதாயிற்று. அந்தச் சரக்குகள் தாய்லாந்திலிருந்து வந்தன. அவற்றை வாங்கப் பர்மிய நோட்டு உதவாது. எல்லையில் எவரும் ஏற்றுக்கொண்ட ஒரே நாணயம் அபினி.

ஏறக்குறைய அதே காலத்தில், 1963 முதல், பர்மிய இராணுவம் ஷான் மலைகளில் 'கா க்வே யே' என்ற பெயரில் உள்ளூர்க் காவல் படைகளை உருவாக்கியது. கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஷான் கிளர்ச்சியாளர்களுக்கும் எதிராக இந்தப் படைகள் போரிட வேண்டும். அரசாங்கத்தால் ஊதியம் கொடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, அரசுச் சாலைகளையும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த நகரங்களையும் தமது சரக்குப் போக்குவரத்திற்கு அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். என்ன சரக்கு என்று எவரும் கேட்கவில்லை. கோகாங் படைக்கு லோ சிங் ஹானும், லோய்மாவ் படைக்குக் குன் சாவும் தலைவர்களானார்கள்.

தெற்கே செல்லும்போது அபினி, திரும்பி வரும்போது கள்ளச்சந்தைச் சரக்கு. இருவழியிலும் இலாபம். ரங்கூனில் மளிகைக்கடை நடத்திய ஒருவரின் தராசைப் பறிமுதல் செய்த அரசு, மலையில் அபினி எடைபோட்டவருக்கு இராணுவச் சாலையைத் திறந்துவிட்டது. அன்றைய பர்மாவின் பொருளாதாரக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக விளக்குவது கடினம்.

தேசத்துரோகி, பிறகு தூதுவர்

எல்லையோரச் சுத்திகரிப்பு நிலையங்களில் அந்த அபினி ஹெராயினாக மாறியது. வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படையினரிடையே 1970, 1971ஆம் ஆண்டுகளில் ஹெராயின் பழக்கம் பரவியபோது வாஷிங்டன் விழித்துக்கொண்டது. லோ சிங் ஹானின் பெயர் உலகச் செய்திகளில் அடிபடத் தொடங்கியது.

1973இல் பர்மிய அரசு காவல் படைகளைக் கலைக்க உத்தரவிட்டது. லோ சிங் ஹான் ஆயுதங்களை ஒப்படைக்க மறுத்து, நேற்று வரை எதிரிகளாக இருந்த ஷான் கிளர்ச்சியாளர்களுடன் சேர்ந்துகொண்டார். ஷான் மாநிலத்தின் அபினி முழுவதையும் அமெரிக்காவே விலைக்கு வாங்கி அழித்துவிடலாம் என்ற யோசனையை அவர்கள் முன்வைத்தார்கள். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் தாய்லாந்து எல்லைக்குள் லோ சிங் ஹான் கைது செய்யப்பட்டு, பர்மாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

அவருக்குப் பர்மிய நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. குற்றம் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். தேசத்துரோகம்! போதைப்பொருள் கடத்தல் அல்ல. அரசின் அனுமதியோடு அவர் செய்த வணிகத்திற்காக அரசு அவரைத் தண்டிக்க முடியாதே. தண்டனை பின்னர் ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டு, 1980ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்பில் அவர் விடுதலையானார்.

அவரது போட்டியாளரான குன் சாவின் பாதையும் இதை ஒத்ததே. 1969இல் சிறையிலடைக்கப்பட்ட அவரை மீட்க, அவரது ஆட்கள் 1973இல் தவுன்ஜி நகரிலிருந்து சோவியத் மருத்துவர்கள் இருவரைக் கடத்தினார்கள். மறு ஆண்டு மருத்துவர்களும் விடுவிக்கப்பட்டார்கள், குன் சாவும் விடுதலையானார். பின்னர் தாய்லாந்து எல்லையில் பெரும் படையொன்றைக் கட்டி இருபதாண்டுகள் கோலோச்சிய அவரது தலைக்கு அமெரிக்கா 20 இலட்சம் டாலர் விலை வைத்தது. 1996 ஜனவரியில் அவர் பர்மிய இராணுவத்திடம் சரணடைந்தார். அமெரிக்காவிடம் அவர் ஒப்படைக்கப்படவில்லை. ரங்கூனில் இராணுவத்தின் பாதுகாப்பில் வாழ்ந்து, 2007 அக்டோபரில் படுக்கையில் உயிர்விட்டார்.

லோ சிங் ஹானுக்கு இரண்டாவது வாழ்வு 1989இல் கிடைத்தது. முந்தைய ஆண்டு மக்கள் எழுச்சியை இரத்தத்தில் மூழ்கடித்த இராணுவ ஆட்சிக்கு வெளிநாட்டு உதவி நின்றுபோயிருந்தது, கருவூலம் காலியாக இருந்தது. அந்த நேரத்தில் வடக்கே பர்மியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் கலகம் வெடித்தது. கோகாங் பகுதியில் பெங் ஜியாஷெங் என்பவர் கட்சித் தலைமையை உதறித் தனிப்படை அமைத்தார். இவர்கள் ஜனநாயகப் போராளிகளுடன் சேர்ந்துவிடுவதற்கு முன் சமாதானம் செய்துகொள்ள விரும்பினார் இராணுவப் புலனாய்வுத் தலைவர் கின் ன்யுண்ட். தூது செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் லோ சிங் ஹானும், முதுமையடைந்திருந்த ஒலிவ் யாங்கும்.

உடன்பாடு எளிமையானது. கலகக்காரர்கள் இராணுவத்தைச் சுடக்கூடாது. இராணுவம் அவர்களின் ஆயுதத்திலோ வணிகத்திலோ தலையிடாது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் பர்மாவின் அபினி உற்பத்தி கடுமையாக உயர்ந்தது. ஐ.நா. கணக்கின்படி 1996இல் அபினிச் சாகுபடி 1,63,000 ஹெக்டேர் என்ற உச்சத்தைத் தொட்டது.

மாப்பிள்ளை வீட்டு விருந்தினர்கள்

1992இல் லோ சிங் ஹானும் மகன் ஸ்டீவன் லாவும் ஏஷியா வேர்ல்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். துன் மியிண்ட் நயிங் என்ற பர்மியப் பெயரும் கொண்ட மகன், தந்தையைப் போல் மலைகளில் படை நடத்தியவர் அல்ல. நாவலில் வரும் மைக்கேல் நினைவுக்கு வருவது இங்கேதான்.

நாவல் ஒரு திருமணத்தில் தொடங்குகிறது. விருந்துக்கு யார் யார் வருகிறார்கள், யார் வர அஞ்சிப் பரிசு மட்டும் அனுப்புகிறார்கள் என்பதைக் கொண்டே அந்தக் குடும்பத்தின் செல்வாக்கை ஆசிரியர் அளந்து காட்டுகிறார். 1996இல் ஸ்டீவன் லா, தமது சிங்கப்பூர் வணிகப் பங்காளியான செசிலியா இங் என்பவரை ரங்கூனில் ஆடம்பரமாக மணந்தார். சிங்கப்பூரிலிருந்து விருந்தினர்கள் தனி விமானங்களில் அழைத்துவரப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அதே 1996இல், போதைப்பொருள் தொடர்பு பற்றிய சந்தேகத்தின் பேரில் அமெரிக்கா ஸ்டீவன் லாவுக்கு விசா மறுத்தது.

போதைப்பொருள் வணிகத்தில் 1990களில் மகனும் தந்தையுடன் இணைந்தார் என்பது அமெரிக்க நிதித்துறையின் குற்றச்சாட்டு. குடும்பத்தின் தரப்பில் இது மறுக்கப்பட்டு வந்திருக்கிறது. எந்த நீதிமன்றத்திலும் ஸ்டீவன் லா மீது அது நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிறுவனம் வளர்ந்த வேகம் மட்டும் எவராலும் மறுக்க முடியாதது. லாஷியோவிலிருந்து சீன எல்லையில் உள்ள மூசே வரையிலான நெடுஞ்சாலையை அது அமைத்துச் சுங்கம் வசூலித்தது. ரங்கூனில் ஆலோன் பகுதியில் சரக்குத் துறைமுகம், ரங்கூன் விமான நிலையத்தின் புதிய முனையம், 2005 முதல் காட்டுக்குள் எழுப்பப்பட்ட புதிய தலைநகர் நேப்பிடோவில் கட்டடப் பணிகள், ஐராவதி ஆறு பிறக்கும் இடத்தில் சீன நிறுவனத்துடன் கூட்டாக மியிட்சோன் அணை என அதன் கை நீண்டது. கச்சின் மக்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் 2011 செப்டம்பர் 30ஆம் தேதி அணைப் பணியை அதிபர் தெய்ன் செய்ன் நிறுத்திவைத்தார். மற்றவை தொடர்ந்தன.

மலையில் சம்பாதித்த பணம் நகரத்தில் எப்படி முகம் காட்டியது? போர்நிறுத்தம் செய்துகொண்ட குழுக்களின் தலைவர்களை ரங்கூனிலும் மாண்டலேயிலும் முதலீடு செய்யுமாறு இராணுவ ஆட்சியாளர்களே ஊக்குவித்தார்கள். வரியைச் செலுத்திவிட்டால் பணத்தின் பூர்வீகத்தை யாரும் கேட்பதில்லை என்ற ஏற்பாடும் 1990களில் இருந்தது. நாவலில் மைக்கேல் இதற்காக லாஸ் வேகாஸ் நகருக்கே குடிபெயர வேண்டியிருந்தது. பர்மாவில் வங்கிக்குப் போனால் போதுமானதாக இருந்தது.

யார் உண்மையான டான்?

நாவலும் ரங்கூனும் பிரியும் இடம் இதுதான்.

விட்டோ கோர்லியோனேயின் சட்டைப்பையில் நீதிபதிகள் இருந்தார்கள். லோ சிங் ஹானோ தளபதிகளின் சட்டைப்பையில் இருந்தார். அவருக்குச் சாலையைத் திறந்தவர்கள் அவர்கள், சாலையை மூடியவர்களும் அவர்கள். மரண தண்டனை தந்தவர்களும், மன்னித்தவர்களும், தூது அனுப்பியவர்களும், ஒப்பந்தம் கொடுத்தவர்களும் அவர்களே. 2004 அக்டோபரில் கின் ன்யுண்ட் பதவியிழந்து கைதானபோது அவரோடு நெருக்கமாக இருந்த பலர் வீழ்ந்தார்கள். ஏஷியா வேர்ல்ட் வீழவில்லை. தனி ஒரு தளபதியிடம் அல்லாமல் இராணுவம் என்ற அமைப்பிடமே பயனுள்ளதாக இருக்கக் கற்றுக்கொண்டதே அதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

2006இல் ஆட்சித் தலைவர் தான் ஷ்வேயின் மகளுக்குத் திருமணம் நடந்தது. மணமகளின் கழுத்தில் அடுக்கடுக்காக வைரங்கள் மின்னிய அந்த நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு சில மாதங்களில் வெளியே கசிந்து, வறுமையில் வாடிய நாடெங்கும் இரகசியமாகப் பார்க்கப்பட்டது. தலைக்குமேல் நிற்கும் குடும்பம் எது என்பதைப் பர்மிய மக்கள் அந்த ஒளிப்பதிவில் கண்டுகொண்டார்கள்.

இத்தாலிய சமூகவியலாளர்கள் மாஃபியாவை விளக்கும்போது, அரசு பாதுகாப்பளிக்கத் தவறும் இடத்தில் பாதுகாப்பை விற்கும் தொழில் என்பார்கள். பர்மாவில் அரசே அந்தத் தொழிலை நடத்தியது என்பதால், அங்கு மாஃபியா என்ற சொல் யாரைக் குறிக்க வேண்டும் என்பதே கேள்வியாகிவிடுகிறது.

துறைமுகத்தைத் தவிர்க்க முடியாத தடை

2008இல் அமெரிக்கா விதித்த தடையின் விளைவு எதிர்பாராத வகையில் அமைந்தது. பர்மாவில் அரசியல் சீர்திருத்தம் தொடங்கி, மற்றத் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது, அமெரிக்க நிறுவனங்கள் ரங்கூனுக்குச் சரக்கு அனுப்ப விரும்பின. ஆனால் ரங்கூனுக்கு வரும் கொள்கலன்களின் பெரும் பகுதி இறங்குவது ஏஷியா வேர்ல்ட் துறைமுகத்தில். அங்கு கட்டணம் செலுத்தினால் தடையை மீறியதாகும். வங்கிகள் பணப் பரிமாற்றத்திற்குத் தயங்கின.

2015 டிசம்பரில், ஆங் சான் சூ சி தேர்தலில் வென்ற சில வாரங்களில், அமெரிக்க நிதித்துறை ஒரு விதிவிலக்கு அளித்தது. தடைப்பட்டியலில் ஸ்டீவன் லாவின் பெயர் நீடிக்கும், ஆனால் அவரது துறைமுகத்தின் வழியாகச் சரக்கு வரலாம். மறு ஆண்டு அக்டோபரில் அதிபர் ஒபாமா பர்மா மீதான தடைத் திட்டத்தையே முடிவுக்குக் கொண்டுவந்தபோது, பட்டியலிலிருந்து பெயரும் நீங்கியது. ஒரு நாட்டின் நுழைவாயிலைக் கைவசம் வைத்திருப்பவரை வெகுகாலம் ஒதுக்கிவைக்க முடியாது என்பதை வாஷிங்டன் ஏற்றுக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும். மைக்கேல் கோர்லியோனே கண்ட கனவு அவருக்கு நிறைவேறவில்லை. ரங்கூனில் அது ஏறக்குறைய நிறைவேறியது.

கோகாங்கின் நான்கு குடும்பங்கள்

இந்தக் கதை லோ சிங் ஹானின் இறுதி ஊர்வலத்தோடு முடிந்திருந்தால் அதை வரலாற்றுச் செய்தியாக ஒதுக்கிவிடலாம். அவர் பிறந்த கோகாங்கில் அது வேறு வடிவெடுத்தது.

2009 ஆகஸ்டில் பர்மிய இராணுவம் பெங் ஜியாஷெங்கைக் கோகாங்கிலிருந்து விரட்டிவிட்டு, அவரிடமிருந்து பிரிந்துவந்த பாய் சுவோசெங் என்பவரிடம் பகுதியை ஒப்படைத்தது. பாய், வெய், லியு, மிங் என்ற நான்கு குடும்பங்கள் அங்கு கோலோச்சத் தொடங்கின. தலைநகர் லௌக்காயில் சூதாட்ட விடுதிகள் எழுந்தன. பிறகு, குறிப்பாகக் கொரோனா பெருந்தொற்றுக்குப் பின், அதே கட்டடங்கள் இணைய மோசடி நிலையங்களாயின. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி அழைத்துவரப்பட்ட இளைஞர்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, கணினி வழியாக அந்நியர்களை ஏமாற்ற வற்புறுத்தப்பட்டார்கள். மறுத்தவர்கள் அடிக்கப்பட்டார்கள். 1963இல் காவல் படைகளுக்குக் கொடுத்த அதே உடன்பாடுதான் இதற்கும் அடிப்படை. எங்களுக்காகப் போரிடுங்கள், உங்கள் தொழிலை நாங்கள் பார்க்கமாட்டோம்.

தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவடி பகுதியிலும் இத்தகைய நிலையங்கள் பெருகின. அங்கு சிக்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். தாய்லாந்தில் கணினித்துறை வேலை என்று நம்பிச் சென்று எல்லை கடத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். இலங்கையைச் சேர்ந்தவர்களும் பின்னர் பல கட்டங்களாக மீட்கப்பட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறிய தலைமுறையின் ஊர்களிலிருந்தே, பேரப்பிள்ளைகள் வயதுடையவர்கள் மீண்டும் அதே நாட்டில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

தமது குடிமக்கள் ஏமாற்றப்படுவதைச் சகிக்க முடியாத சீனா, 2023இல் பொறுமையிழந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி மூன்று ஆயுதக் குழுக்கள் கூட்டாகத் தாக்குதல் தொடங்கின. நான்கு குடும்பங்களின் தலைவர்கள் பலர் பிடிக்கப்பட்டுச் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் ஒன்று மிங் குடும்ப வழக்கில் 11 பேருக்கு மரண தண்டனை விதித்தது. பாய் குடும்பத்தின் மீதும் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. ரங்கூனில் தண்டனைக்கு உள்ளாகாத தொழில், எல்லை தாண்டியபின் தண்டிக்கப்பட்டது.

அபினியும் திரும்பி வந்திருக்கிறது. 2006இல் சாகுபடி 21,500 ஹெக்டேராகக் குறைந்திருந்தது. 2021 பிப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பின் கியாட்டின் மதிப்புச் சரிந்து, மலைக் கிராமங்களுக்கு வேறு வருமானம் அற்றுப்போனது. ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் அபினிக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து, 2023இல் சுமார் 1,080 டன் உற்பத்தியுடன் பர்மா உலகின் முதலிடத்திற்கு வந்ததாக ஐ.நா. அறிவித்தது. 2024இல் அது 995 டன். காயைக் கீறிப் பாலெடுக்கும் விவசாயிக்கு இதில் கிடைப்பது ஓர் ஆண்டுக்கான அரிசியும், நோய் வந்தால் மருத்துவச் செலவுக்குச் சிறு கையிருப்பும்தான். ரங்கூனில் அவர் பெயரில் கட்டடம் எதுவும் இல்லை.

2024 ஜனவரியில் லௌக்காய் நகரம் பர்மிய இராணுவத்தின் கையைவிட்டுப் போனது. அதைக் கைப்பற்றிய படையின் தலைவர் பெங் டாசூன். 1989இல் லோ சிங் ஹான் தூது சென்று சந்தித்த பெங் ஜியாஷெங்கின் மகன் அவர்.